கதவுப் பக்கத்து அடி

கண்ணாடிக் கிடங்கில் எல்லோரும் அவரை வெட்டுக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். புதிதாக வேலைக்குச் சேருகிறவன் ஒரு நிமிடம் திடுக்கிடுவான். அப்புறம் அவர் மேசை முன்னால் குனிந்து, சக்கரக் கத்தியால் கண்ணாடியில் கோடு இழுத்து, ஓரத்தில் லேசாக ஒரு தட்டுத் தட்டி இரண்டாகப் பிரிப்பதைப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொள்வான். ஈ எறும்புக்குக்கூடத் தீங்கு நினைக்காத மனுஷர் என்று பெயரெடுத்தவர் அவர். அந்த நல்ல பெயர்தான் இரண்டு வருஷமாக அவரை உள்ளே தின்றுகொண்டிருந்தது.

இந்த வெட்டுக்காரர் பதினான்கு மாதங்களாக, வாரத்தில் ஆறு நாள், காலை ஆறரை மணிக்கு ஒரு பழைய பூப்பந்து அரங்கில் சுண்ணக்கட்டியால் போட்ட வட்டத்தைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தார். கற்றுக்கொள்ளப் போனது என்னவோ சண்டைக் கலைதான். சீனத்துத் தாவோ மரபில் வந்த பாகுவா. உடம்பை முறுக்கிக் காட்டாமல் உள்ளுக்குள் பலம் சேர்க்கிற வித்தை என்று நோட்டீசில் போட்டிருந்தார்கள். முதல் நாள் நடக்கச் சொன்னார்கள். இரண்டாம் நாளும் நடக்கச் சொன்னார்கள். பதினான்கு மாதம் ஆன பிறகும் அதே நடைதான்.

நடை என்றால் நாம் கடைக்குப் போய் வருகிற நடை இல்லை. முழங்காலை மடித்து இடுப்பை இறக்கி, உடம்பின் எடை மொத்தத்தையும் பின்னங்காலில் வைத்துக்கொண்டு, முன்னங்காலைத் தரையை ஒட்டியபடி சேற்றில் விடுவதுபோல நகர்த்த வேண்டும். குதிகாலும் முதலில் படக்கூடாது, விரலும் முதலில் படக்கூடாது. பாதம் ஒரே சமயத்தில் படிய வேண்டும். படிந்த பிறகும் அதில் எடையைப் போட்டுவிடக் கூடாது. இந்தத் தரையை நம்பலாமா என்று பாதம் விசாரித்து முடித்த பிறகுதான் உடம்பு மெல்ல அங்கே குடிபோகும். கண் வட்டத்தின் நடுவில் போட்ட நாற்காலியை விட்டு அகலக்கூடாது. எட்டு அடிக்கு ஒரு சுற்று. அது முடிந்தால் அடுத்த சுற்று.

சொல்லிக்கொடுத்தவள் பல் ஆஸ்பத்திரியில் உதவியாளராக வேலை பார்க்கும் முப்பத்தோரு வயதுப் பெண். அவள் மூன்று வருஷம் வெறும் நடையை நடந்தவளாம். சேரும்போது பதினோரு பேர் இருந்தார்கள். குத்தும் உதையும் எப்போது வரும் என்று கேட்டுப் பார்த்து, வராது என்று தெரிந்ததும் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் மட்டும் புலம்பிக்கொண்டே தாக்குப்பிடித்தார்.

"முப்பத்தெட்டு வருஷம் நடந்தே தேஞ்சவன் நான். ரிட்டயர் ஆகி நிம்மதியா உக்காராம, நடக்கறதுக்குன்னே ஒரு இடம் தேடி வந்திருக்கேன் பாருங்க. என்னை எதால அடிக்கறது?"

வீட்டிலும் கேலிக்குக் குறைவில்லை. "செக்குமாடு சுத்துனா எண்ணெயாவது கிடைக்கும். நீங்க சுத்தி என்னத்தைக் கண்டீங்க?" என்பாள் வெட்டுக்காரரின் மனைவி. அவர் சிரித்து மழுப்புவார். ஏன் போகிறார் என்று அவளிடம் சொல்ல முடியாது. சொன்னால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டிவரும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவர் வெட்டுக்காரர் இல்லை, கண்ணாடி தூக்குகிறவர். நெட்டை என்று கூப்பிடப்படுகிற ஒருவனும் அவரும் ஜோடி. பெரிய கண்ணாடியை நிமிர்த்தி, ஆளுக்கொரு முனையில், உறிஞ்சி ஒட்டிக்கொள்ளும் ரப்பர் கப் பிடியைப் பதித்து, ஒரே பக்கத்தில் முன்னும் பின்னுமாக நடந்து கொண்டுபோவார்கள். தூக்குகிறவர்களுக்குள் ஒரு சட்டம் உண்டு. கண்ணாடிக்குள் 'டிக்' என்று சத்தம் கேட்டால், விரிசல் கிளம்பிவிட்டது என்று அர்த்தம். முதலில் கேட்டவன் "விடு" என்று கத்த வேண்டும். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கையை விட்டு விலகிக் குதிக்க வேண்டும். கண்ணாடி போனால் போகட்டும்.

அன்றைக்குச் சத்தம் அவருக்குத்தான் கேட்டது. அவர் கத்தவில்லை. கை விட்டுவிட்டது, கால் ஓடிவிட்டது. கதவை நோக்கி நாலு அடி. திரும்பிப் பார்த்தபோது நெட்டை கண்ணாடிக்கு அடியில் கிடந்தான்.

ஓடிவந்து தன் பெல்ட்டைக் கழற்றி அவன் தொடையில் இறுக்கிக் கட்டியதும் அவர்தான். கட்டியிருக்காவிட்டால் ஆள் தேறியிருக்க மாட்டான் என்றார் டாக்டர். தரை அன்று கழுவிய ஈரத்தோடு இருந்தது. நெட்டைக்குக் கால் வழுக்கிவிட்டது என்று கிடங்கே பேசியது. நினைவு திரும்பியபோது நெட்டையும் அதையேதான் சொன்னான். முழங்காலுக்கு மேலே வலது காலை எடுத்தார்கள். முதலாளி எல்லோர் முன்னாலும் இவருக்குச் சால்வை போர்த்தினார். அதைப் போர்த்திக்கொண்டு நின்றாரே, அந்தப் பாவத்துக்கு என்ன பெயர் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

அதன்பிறகு முழங்கால் வலி என்று சொல்லி வெட்டும் மேசைக்கு மாறிக்கொண்டார். நெட்டையைப் பார்க்கப் போவது மாதம் ஒருமுறை என்று ஆகி, பிறகு நின்றே போனது. எங்கே உட்கார்ந்தாலும் கதவு எங்கே இருக்கிறது என்று முதலில் பார்க்கும் பழக்கம் வந்தது. மறுபடி ஒரு ஆபத்து வந்தால் பக்கத்தில் இருப்பவரை விட்டுவிட்டு ஓடிவிடுவோம் என்ற பயம் அவருக்கு. பெண்டாட்டியோடு சாலையைக் கடக்கும்போதுகூட அவள் கையைப் பிடிக்க மாட்டார். பிடித்தால்தானே விட முடியும்.

வட்டத்தில் நடக்க ஆரம்பித்த மூன்றாம் மாதமே டீச்சர் அதைக் கண்டுபிடித்துவிட்டாள்.

"அண்ணா, ஏழு அடி நல்லா வைக்கறீங்க. அஞ்சாவது அடியில மட்டும் கால் முந்துது. என்ன அங்கே?"

"ஒண்ணுமில்லையே."

அவள் அவர் பின்னாலேயே ஒரு சுற்று நடந்து பார்த்தாள். ஐந்தாவது அடியில் அரங்கின் கதவு நேர் எதிரே வந்தது. வட்டத்தை எதிர்ப்பக்கமாகச் சுற்றச் சொன்னாள். இப்போது கதவு மூன்றாவது அடியில் வந்தது. மூன்றாவது அடி முந்தியது.

"பல்லு பிடுங்க வர்றவங்க இப்படித்தான். வாயைத் திறந்து உக்காந்திருப்பாங்க, கண்ணு மட்டும் கதவு மேலயே இருக்கும்," என்றாள். "நீங்க காலாலயே கதவைப் பாக்கறீங்க."

இவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்றே நினைத்தார். அவளுக்கு ஒன்றும் தெரியாது. கால் தப்பாக விழுவது மட்டும்தான் தெரியும். "சரி பண்ணணும்னு மெனக்கெடாதீங்க. நடந்துகிட்டே இருங்க, பாத்துக்கலாம்," என்று சொல்லிவிட்டுத் தபால்காரரின் இடுப்பைத் தட்டி இறக்கப் போய்விட்டாள்.

வேகமாக நடக்கும் மனுஷனுக்குப் பயத்தைக் கேட்க நேரமிருக்காது. இந்த நடையில் நேரம் தாராளமாக இருந்தது. ஒற்றைக் காலில் எடையோடு நின்று மற்றதை மெல்ல நகர்த்தும்போதெல்லாம் அந்த 'டிக்' காதில் விழுந்தது. சட்டை நனைந்து ஒட்டும். பல நாள், நாளையிலிருந்து வருவதில்லை என்று தீர்மானம் செய்துகொண்டு போவார். மறுநாள் ஆறரைக்கு வந்து நிற்பார். அப்படியே பதினோரு மாதம் ஓடியது. கதவுப் பக்கத்து அடி மட்டும் முந்திக்கொண்டேதான் இருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை மாலை முதலாளி மேசைக்கு வந்தார்.

"நாளைக்கு மருந்துக்கடைக்குக் கண்ணாடி கொண்டுபோய் இறக்கணும். உங்க மச்சானோட ஜோடிக்குக் காய்ச்சல். வேற ஆள் இல்லை. நீங்களும் மச்சானுமா போயிட்டு வந்துடுங்க."

மச்சான் என்றால் வெட்டுக்காரர் மனைவியின் தம்பி. நெட்டையின் இடத்தில் வேலைக்குச் சேர்ந்தவன். இருபத்தெட்டு வயது, வாய் ஓயாத பேச்சு. அவன் வீட்டில் பெண்டாட்டிக்கு ஏழாம் மாதம். முழங்கால் வலி என்று இவர் ஆரம்பிப்பதற்குள் முதலாளி சொல்லிவிட்டார், "தினமும் காலையில நடக்கப் போறீங்களாமே, முழங்கால் இப்போ தேவலையாத்தானே இருக்கும்."

அன்று இரவு சாதம் உள்ளே இறங்கவில்லை. மனைவிக்கோ ஒரே சந்தோஷம். "நீங்க கூட இருந்தா எனக்குக் கவலையே இல்லை. அவன் துறுதுறுன்னு இருப்பான், நீங்கதான் பாத்துக்கணும்," என்றாள். அவர் தலையை ஆட்டினார். வாயைத் திறந்தால் என்ன வரும் என்று அவருக்கே நிச்சயமில்லை.

மறுநாள் காலை வட்டத்துக்கு வந்ததும் டீச்சரிடம் கிட்டத்தட்டக் கெஞ்சினார்.

"டீச்சர், இன்னைக்கு ஒரு நாள் மட்டும் வேற ஏதாவது சொல்லிக் குடுங்க. ஒரு பிடி, ஒரு திருப்பம், எதுவா இருந்தாலும் சரி. பயத்தை நிறுத்தறதுக்கு ஒண்ணு."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். "அப்படி என்கிட்ட ஒண்ணும் இல்லைண்ணா. இருந்தா ஒளிச்சு வைப்பேனா? எனக்கும் பயம் நிக்கல. நடந்தேன், அவ்வளவுதான். வாங்க, நடக்கலாம்."

நடந்தார். நாற்பது சுற்று. நாற்பதிலும் ஐந்தாவது அடி முந்தியது. நம்பி வந்தவனைக் கைகழுவிவிட்டாளே என்று ஆத்திரத்தோடு செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

மருந்துக்கடையின் முன்பக்கம் சாரம் கட்டி அடைத்திருந்தது. பின்வாசல் வழியாகத்தான் போக வேண்டும். மூன்று படி ஏறி, ஒரு நீளமான நடைவழி, சுமார் இருபது அடி எடுத்துவைக்கும் தூரம். நடைவழியின் கடைசியில் அகலமான கூடம். அங்கே கண்ணாடியை வைப்பதற்கு ரப்பர் ஒட்டிய மரக்கட்டைகள் போட்டுத் தயாராக இருந்தன. நடைவழி குறுகல். சுவருக்கும் கண்ணாடிக்கும் நடுவில் ஒரு ஆள் நடக்கலாம். மறுபக்கம் ஒரு சாண் இடைவெளி. இதற்குள் போனால் குதித்து விலக இடமில்லை என்பதை வெட்டுக்காரர் பார்த்த பார்வையிலேயே கணக்குப் போட்டுவிட்டார். முன்னால் போகிறவனுக்கு அறவே இல்லை. பின்னால் வருகிறவனுக்கு மட்டும் முதுகுக்குப் பின்னால் திறந்த வாசல் இருந்தது.

"நான் முன்னால போறேன்," என்றார்.

"மாமா, உங்களுக்கு முழங்கால். முன்னால இழுவை ஜாஸ்தி. நீங்க பின்னாலயே வாங்க," என்று சொல்லிக்கொண்டே மச்சான் முன் முனையில் பிடியைப் பதித்துவிட்டான். எழுபது கிலோ எடை. தூக்கினார்கள். படி ஏறினார்கள். மச்சான் பிறக்கப்போகும் பிள்ளைக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று பேசிக்கொண்டே போனான்.

ஏழெட்டு அடி போயிருப்பார்கள். 'டிக்.'

சத்தம் வெட்டுக்காரரின் கைக்கு அடியிலேயே கேட்டது. கீழ் மூலையிலிருந்து ஒரு கோடு கிளம்பி விரல் நீளத்துக்கு நின்றிருந்தது. மச்சானின் பேச்சு அறுந்தது.

"மாமா. கேட்டுச்சா?"

கேட்டது. உடம்பு முழுக்கக் கேட்டது. விரல்கள் பிடியிலிருந்து கழன்றுகொள்ளத் துடித்தன. முதுகுக்குப் பின்னால் வெயில் அடிப்பது தெரிந்தது. விட்டுவிட்டு மூன்று படி இறங்கினால் தெரு. யாரும் கேட்க மாட்டார்கள். மறுபடி ஒரு கால் வழுக்கிவிட்டது என்று ஊரே சொல்லும். இவ்வளவும் அவர் நினைத்தார். நினைக்கவில்லை என்று நான் சொன்னால் அது பொய்.

"விடவா மாமா? சொல்லுங்க, விடவா?" மச்சானின் குரல் கீச்சிட்டது.

"விடாத. விட்டா உன் மேலதான் விழும். இங்கேயே இறக்கினா இந்த மூலை தெறிச்சுடும். கட்டை வரைக்கும் போயிடலாம். நில்லாத, ஓடவும் ஓடாத. நான் கால்னு சொல்லும்போது அடி வை."

முன்னங்காலை நகர்த்தினார். கால் அவசரப்படவில்லையா? பட்டது. ஒவ்வொரு அடிக்கும் பட்டது. ஆனால் பதினான்கு மாதமாக ஒரே மாதிரி வைத்து வைத்து அந்தக் காலுக்கு வேறு மாதிரி இறங்கத் தெரியவில்லை. தரையை ஒட்டிப் போனது, முழுசாகப் படிந்தது, விசாரித்தது, பிறகுதான் எடையை வாங்கிக்கொண்டது. கண்ணாடி குலுங்கவில்லை. பின்வாசல் ஒரு அடி தூரம் போனது.

"மாமா, எனக்கு பயமா இருக்கு."

"எனக்கும்தான்டா. அடுத்த கால்."

கோடு உள்ளங்கை நீளம் ஆகியது. அவர் அதைப் பார்க்காமல் மச்சானின் பிடரியைப் பார்த்தார். வேர்வை வழிந்து காலர் நனைந்த அந்தப் பிடரி அவர் மனைவியின் பிடரி மாதிரியே இருந்தது. இன்னொரு 'டிக்'. மச்சான் அழ ஆரம்பித்துவிட்டான். அழுதுகொண்டே அடி வைத்தான். பதினைந்து. பதினாறு. கூடத்தின் வெளிச்சம் பட்டது. மரக்கட்டையில் கண்ணாடியை உட்காரவைத்து, சாய்த்து, "இப்போ" என்று இவர் கத்த, இரண்டு பேரும் கையை எடுத்துப் பின்னால் தாவினார்கள். கோடு விறுவிறுவென்று உச்சிக்கு ஏறியது. பாதிக் கண்ணாடி பிரிந்து சிமெண்ட் தரையில் விழுந்து நொறுங்கியது. யார் மேலும் ஒரு துணுக்குப் படவில்லை.

மருந்துக்கடைக்காரர் "ஐயோ என் கண்ணாடி!" என்று தலையில் அடித்துக்கொண்டு ஓடிவந்தார். மச்சான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அழுகையும் சிரிப்புமாகத் தன் அக்காவுக்குப் போன் போட்டான்.

"அக்கா, மாமா மட்டும் இல்லைன்னா நான் இன்னைக்கு அவ்வளவுதான். ஆமாக்கா... அன்னைக்கு நெட்டை அண்ணனையும் இவர்தானே காப்பாத்தினாரு. தங்கமான மனுஷன்க்கா."

வெட்டுக்காரருக்கு அதைக் கேட்டுக்கொண்டு அங்கே நிற்க முடியவில்லை. இத்தனை நாள் தன்னால் முடியாது, உடம்பு வாகே அப்படி என்று ஒரு சமாதானம் வைத்திருந்தார். முடியும் என்று இப்போது தெரிந்துபோனது. இனி அந்தச் சமாதானமும் இல்லை. கையுறைகளைக் கழற்றி மச்சான் மடியில் போட்டுவிட்டு நேராக நெட்டையின் வீட்டுக்கு நடந்தார். கண்ணாடியோடு நடந்ததைவிட இதற்குத்தான் அதிகம் பயந்தார். போகிற வழியில் இரண்டு தடவை திரும்பிவிடப் பார்த்தார்.

இரண்டாம் மாடி. கதவு திறந்திருந்தது. நெட்டை தரையில் உட்கார்ந்து, பிரித்துப்போட்ட மிக்சி மோட்டாரைத் துடைத்துக்கொண்டிருந்தான். இப்போது அதுதான் அவன் தொழில். இவரைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"அண்ணே! ஒரு வருஷம் ஆச்சே, வழி மறந்து போச்சா? வாங்க, வாங்க. எழுந்திரிச்சு வரவேற்கலாம்னு பாத்தா இந்தத் துரோகி விட மாட்டேங்குது." மடித்துக் குத்திய வேட்டியின் மேல் ஓங்கி ஒரு அடி போட்டான். "நடக்கத் தெரியாத கால். பழிகாரக் கால். போய்த் தொலைஞ்சதே நல்லதுன்னு தினமும் திட்டிக்கிட்டு இருக்கேன்."

வெட்டுக்காரர் உட்காரவில்லை.

"நீ வழுக்கலைடா," என்றார். குரல் வெளியே வந்ததா என்று சந்தேகமாகி மறுபடி சொன்னார். "நீ வழுக்கி விழலை. டிக்குன்னு எனக்குத்தான் கேட்டுச்சு. விடுன்னு சொல்லாம நான் விட்டுட்டு ஓடிட்டேன். அப்புறம்தான் திரும்பி வந்தேன்."

நெட்டையின் கையிலிருந்த துணி மோட்டார் மேல் அப்படியே நின்றது. அடுக்களையில் ஓடிக்கொண்டிருந்த குழாயை யாரோ மூடினார்கள். அவன் கத்துவான், எதையாவது தூக்கி எறிவான் என்று எதிர்பார்த்து நின்றார் வெட்டுக்காரர்.

"அப்போ என் கால் வழுக்கலையா?"

"இல்லை."

"நல்லாத்தான் நின்னுச்சா?"

"நீ அசையாம நின்னேடா. நான்தான் போனேன்."

நெட்டை தொடையின் மிச்சத்தின் மேல் கையை வைத்தான். அடித்த இடத்தைத் தடவினான், அடிபட்ட குழந்தையைத் தடவுவதுபோல. "ரெண்டு வருஷம்," என்றான். "ரெண்டு வருஷமா இதைத் திட்டாத நாள் இல்லை. பாவம், அது ஒண்ணுமே பண்ணலையே." உதடு கோணி, உடம்பு குலுங்கி அழுதான். பிறகு முகத்தைத் துடைக்காமலே நிமிர்ந்து பார்த்தான். அந்தப் பார்வையில் அண்ணனும் இல்லை, நண்பனும் இல்லை. அவருக்குப் பின்னால் கதவு அகலத் திறந்திருந்தது.

"போயிடாத," என்றான் நெட்டை. அவரை அவன் ஒருமையில் பேசியது அதுதான் முதல் தடவை. "நான் இன்னும் ஒண்ணுமே சொல்லலை. சொல்லி முடிக்கிற வரைக்கும் போயிடாத."

"போகலைடா," என்றார் வெட்டுக்காரர்.